நெப்ராஸ்காப் பேச்சுக்கு நான் அனுப்பிய துண்டு

அக்கா,

நீங்கள் இருந்த வீட்டில் இன்று சோளம் அவித்தார்கள்.

அங்கே இப்போது கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். அந்தப் பெண் ஜன்னலை அகலத் திறந்துவைத்துத்தான் சமைப்பாள். உப்புத் தண்ணீரில் சோளப்பொத்தி வேகும் மணம் நடைபாதையைத் தாண்டி என் குசினிக்குள் வந்தது. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தியை வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். ஒரு மணத்துக்குப் பயந்து ஜன்னல் சாத்துகிற ஆளாகிவிட்டேனே என்று நின்றபோது கதவு தட்டப்பட்டது. கையில் தட்டோடு அவள்தான்.

"ஆன்ட்டி, சோளம் நெறைய கெடச்சுது. சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றாள்.

ஏறக்குறைய இதே சொற்களைத்தான் நார்த்மீட் மண்டபத்தில், எங்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நின்று நீங்கள் கடைசியாகச் சொன்னீர்கள். இரண்டு பொத்தி இருந்த தட்டை நான் வாங்கி மேசையில் வைத்தேன். அதற்குப் பக்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு எழுதுவதென்றால் முதலில் வெட்கத்தைத்தான் எழுதவேண்டும். வேறு விதமாகத் தொடங்கினால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

உங்கள் மகள் மைதிலி சிட்னியை விட்டு நெப்ராஸ்காவுக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து, உங்களை அந்த ஊர்ப் பெயரை வைத்துத்தான் கேலி செய்துவந்தோம். எங்கள் சனத்துக்கு அமெரிக்கா என்றால் நியூ ஜேர்சி, இல்லாவிட்டால் கலிபோர்னியா. நடுவில் கிடக்கிற மாநிலங்கள் எல்லாம் விமானத்தில் மேலால் பறந்து போவதற்கு. முதன்முறை மகளைப் பார்த்துவிட்டு நீங்கள் திரும்பி வந்தபோது எல்லோரும் கேட்ட கேள்விகள் எனக்கு நினைவிருக்கின்றன. அங்கை தமிழ்ச்சனம் இருக்கோ? கோயில் இருக்கோ? கறிவேப்பிலை வாங்கலாமோ? கோயில் ஒமஹாவில் இருக்கிறது என்றீர்கள். கறிவேப்பிலைக்கு மைதிலி வீட்டுக்குள் ஒரு சாடியில் கன்று வைத்திருக்கிறாள் என்றீர்கள். அதோடு சனத்துக்கு நெப்ராஸ்கா முடிந்துவிட்டது. உங்களுக்கு அப்போதுதான் தொடங்கியிருந்தது.

கூட்டத்துக்கும் கடைக்கும் உங்களை என் காரில்தான் ஏற்றிப்போவேன். வின்ட்சர் வீதியில் சிக்னலுக்கு நிற்கும் நேரமெல்லாம் நெப்ராஸ்காதான். அந்தப் பெயரே அங்கத்தைய ஆதிக்குடிகளின் பேச்சில் 'தட்டையான தண்ணீர்' என்று பொருள்படுமாம். பிளாட் ஆற்றைப் பார்த்து வைத்த பெயராம். அகலம் பெரிது, ஆழம் இல்லை, பல இடங்களில் முழங்கால் நனைய நடந்து கடக்கலாம் என்பீர்கள். மேலே இப்படித் தட்டையாகக் கிடந்தாலும் நிலத்துக்குக் கீழே கடல் மாதிரித் தண்ணீர் இருக்கிறது என்பீர்கள். மேற்கே போனால் புல் மூடின மணல் மேடுகள், ஆட்களைவிட மாடுகள் அதிகம். நான் "ம்" கொட்டிக்கொண்டு பச்சை விளக்குக்குக் காத்திருப்பேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரங்களில் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன கறி வைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்காக இருந்தவர் என்பதால், அரசாங்கம் நடக்கும் விதத்தில் உங்களுக்குத் தனி ருசி. அமெரிக்காவிலேயே ஒரே ஒரு சபையை மட்டும் வைத்துச் சட்டம் இயற்றுகிற மாநிலம் அதுதான் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! அந்தச் சபைக்கான தேர்தலில், வாக்குச்சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் கட்சி போடுவதில்லையாம்.

"கட்சிப் பேர் இல்லாட்டி ஆளைப் பாத்துத்தானே பிள்ளை போடவேணும்" என்பீர்கள்.

ஒருநாள் கூட்டத்துத் தேநீர் நேரத்தில் எங்கள் சங்கத்து இஞ்சினியர் அண்ணை இதைக் கேட்டுவிட்டு, "ஒரு சபையோ? ரண்டாவதைக் கட்ட அவங்களிட்ட சீமெந்து இல்லாமல் போச்சோ?" என்று எல்லோரையும் சிரிக்கவைத்தார்.

நீங்கள் விடவில்லை. "இஞ்சை குயின்ஸ்லாந்திலயும் ஒண்டுதான் அண்ணை. இவ்வளவு காலம் இந்த நாட்டில இருக்கிறியள், தெரியாதோ?"

அண்ணைக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் நான் அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டிருந்தேன். கார் இலக்கத்தகட்டின் முன் எண்ணைப் பார்த்தால், பெரிய இடங்கள் சிலதைத் தவிர, எந்தக் கவுண்டியின் கார் என்று சொல்லிவிடலாம் என்று நீங்கள் அடுத்ததாகத் தொடங்க, எல்லோரும் கோப்பையை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினார்கள். நானும்தான்.

ஒரு பனிக்காலக் கடைசியில் போனபோது மைதிலி உங்களைக் கொக்குப் பார்க்கக் கூட்டிப்போனாள். திரும்பி வந்து ஒரு கிழமை அதே கதை. விடிய முன்னம் ஆற்றங்கரையில் ஒரு பலகைக் கொட்டிலுக்குள் மூச்சுக் காட்டாமல் நிற்கவேண்டுமாம். வெளிச்சம் வரவர, ஆற்றுத் திட்டு என்று நினைத்ததெல்லாம் சாம்பல் கொக்குகளாக அசையத் தொடங்குமாம். "அறுத்த வயலில சிந்திக் கிடக்கிற சோளத்தைத் தின்னத்தான் பிள்ளை அதுகள் இறங்குதுகள். பிறகு வடக்க, தங்கட இடத்துக்குப் போயிடும்" என்றீர்கள். சொல்லும்போது உங்கள் குரல் ஒரு மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

உங்களுக்கு ஒரு மகனும் இருந்தான் என்பது எனக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். வன்னியில், கடைசிச் சண்டையில் காணாமல் போனவன், பெயர் சுதன். உங்கள் வீட்டுச் சுவரில் அவன் படம் இருந்தது. மாலை போட்டிருக்கவில்லை. மாலை இல்லாத படத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. நீங்களாகவும் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் உங்கள் விருப்பம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கும் வசதியாக இருந்தது.

சென்ற ஆண்டு மாதக் கூட்டத்தில், 'பயனுள்ள தகவல்' நேரத்துக்குப் பேச நீங்களே பெயர் கொடுத்தபோது எனக்கு ஆச்சரியம். செயலாளர் நான்தானே. "என்ன அக்கா, நெப்ராஸ்காவோ?" என்றேன். "வேற என்னத்தை நான் கண்டன்?" என்று சிரித்தீர்கள். அன்று காலை பெரிய அலுமினியப் பானை நிறையச் சோளப்பொத்தி அவித்து, மிளகாய்த்தூளும் உப்பும் தேசிக்காய்ப் பாதிகளும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். என் கார் முழுக்க அந்த மணம். பேச்சின் முடிவில் எல்லோருக்கும் கொடுக்கவேண்டும், சோள நாட்டைப் பற்றிப் பேசிவிட்டு வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்றீர்கள். வழக்கத்துக்கு மாறாக, வழியெல்லாம் நீங்கள் ஒன்றும் கதைக்கவில்லை. நல்ல சேலை உடுத்தியிருந்தீர்கள். மேடைப் பயம் என்று எண்ணி, "வாசிச்சு முடியுங்கோ, ஒருத்தரும் கவனிக்க மாட்டினம்" என்று தைரியம் சொன்னேன். என்ன தைரியம்!

உங்களுக்கு முன் பேசினவர் இஞ்சினியர் அண்ணை. அலாஸ்காவுக்குக் கப்பலில் போய்வந்த கதை, படங்களோடு. பனிமலைப் படம் கொஞ்சம், கப்பல் சாப்பாட்டு மேசைப் படம் நிறைய. பத்து நிமிடம் கொடுத்தோம். அவர் அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தார். பேச்சை நிறுத்தச் சொல்லி அவருக்கு நான் துண்டு எழுதி அனுப்பவில்லை. அண்ணை கோபக்காரர், மண்டபச் சாவியும் அவர் கையில்தான் இருக்கும் என்பதெல்லாம் காரணமாக இருந்தது. நீங்கள் கோபிக்கமாட்டீர்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இதை எழுதும்போது முகம் சுடுகிறது, அக்கா. கோபிக்காத ஆளிடம்தான் நான் நேரத்தைப் பிடுங்கினேன்.

நீங்கள் தாளைப் பார்க்காமல் பேசினீர்கள். ஆறு, மணல் மேடு, கொக்கு. மரம் நடுவதற்கென்று ஒரு நாளைக் கொண்டாடத் தொடங்கின இடம் அது என்றீர்கள். சனிக்கிழமை உதைபந்துக்கு, அதுவும் கையால் எறிகிற உதைபந்துக்கு, ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகும் என்றபோது சிலர் சிரித்தார்கள். முட்டைக்கோவாவும் இறைச்சியும் உள்ளே வைத்துச் சுடுகிற ஒரு பணிஸ், மீன் வைத்த எங்கள் மாலு பாணுக்குச் சொந்தக்காரன் மாதிரி என்றபோது நிறையப்பேர் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கதையைத் தொடங்கினீர்கள். பொன்கா என்கிற மக்கள். நயோபிராரா ஆற்றங்கரை அவர்களுடைய ஊர். அரசாங்கம் அவர்களைப் பிடுங்கித் தெற்கே வெக்கையான ஓர் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டது. நோயில் சனம் செத்தது. அவர்களின் தலைவருடைய மகனும் செத்தான். சாக முன்னம், என்னை எங்கட ஆத்தங்கரையில தாட்டுவிடுங்கோ என்று அப்பனைக் கேட்டான்.

அந்த நேரத்தில் நான் சாப்பாட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றுத் தட்டின் மூடியை யாரோ திறந்துவிட்டார்கள். பின்வரிசையில் கதிரைகள் அரைபடத் தொடங்கின.

எங்கள் கூட்டங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. பேசுகிறவரை நிறுத்தவேண்டுமென்றால் ஒரு துண்டில் எழுதி முன்னால் அனுப்புவது. பின்னாலிருந்து வரிசை வரிசையாகக் கைமாறிப் போகும். வழியில் வாங்குகிற ஒவ்வொருவரும் படிப்பார்கள். அது எனக்குத் தெரிந்திருந்தபடியால்தான் பகிடியாக எழுதினேன். 'நேரம் முடிந்தது' என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த வெட்கத்தில் பாதியாவது குறைந்திருக்கும். நான் எழுதியது: 'நெப்ராஸ்காவில் பொழுதுபட்டுவிட்டது. இங்கே சோறு ஆறுகிறது.'

துண்டு முன்னால் போகப்போகச் சிரிப்பும் கூடவே போனது. நீங்கள் அப்போது கதையில், அந்தத் தலைவர் மகனின் எலும்புகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு, கொஞ்சச் சனத்தோடு, பனிக்குள் வடக்கே நடந்த இடத்தில் நின்றீர்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல் ஒருமுறை உங்கள் சேலையைக் குனிந்து பார்த்தீர்கள். பிறகு துண்டு உங்கள் கைக்கு வந்தது. வாசித்தீர்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினீர்கள்.

"சரி, மிச்சத்தை இன்னொரு நாளைக்குச் சொல்லுறன். சோளம் ஆறமுன்னம் சாப்பிடுங்கோ."

கைதட்டினோம். சோளம் ஒரு பொத்தி மிஞ்சவில்லை. திரும்பும் வழியில் நீங்கள் வெற்றுப் பானையை மடியில் வைத்துக்கொண்டு, "உன்ர துண்டு நல்ல பகிடி, பிள்ளை" என்றீர்கள். நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். அடுத்த கூட்டம் வருமுன் ஒருநாள் காலையில் உங்கள் ஜன்னல் திறக்கவில்லை. நித்திரையிலேயே போய்விட்டீர்கள் என்று டொக்டர் சொன்னார்.

மைதிலி வந்தாள். எரித்துவிட்டு வந்த பின்னேரம், உங்கள் குசினியில் நானும் அவளுமாகக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றோம். அவள் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அன்ரி, அம்மா உங்களிட்டச் சுதனைப் பற்றிச் சொன்னவாவோ?"

"சுதனைப் பற்றியோ?"

"ஓம். அதைச் சொல்லத்தானே அந்தப் பேச்சு. லிங்கன் எண்ட ஊரில அந்தப் பொன்காத் தலைவருக்கு ஒரு சிலை இருக்கு. குளிருக்க அம்மா அதுக்கு முன்னால நிண்டவா, நிண்டவா, காருக்க ஏறமாட்டன் எண்டு நிண்டவா. அண்டைக்குத்தான் முதல்முதல் எனக்கே வாயைத் திறந்து சொன்னவா. 'அந்த மனிசனுக்குத் தூக்கிக்கொண்டு போக எலும்பாவது இருந்தது பிள்ளை. என்ர பிள்ளையை நான் எங்க போய்ப் பொறுக்குவன்' எண்டு. அதைச் சனத்துக்கு முன்னால ஒருக்காச் சொல்லவேணுமெண்டு ஃபோனில எனக்குச் சொல்லிச் சொல்லிப் பழகினவா."

என் கையில் சவர்க்காரக் கோப்பை இருந்தது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடமும் இல்லை, நேரமும் இல்லை. நான் சொன்னேன்: "ஓம் மைதிலி. எல்லாருக்கும் முன்னால சொன்னவா. சொல்லி முடிய ஹோலே எழும்பி நிண்டது."

அவள் என்னைக் கொஞ்சம் பார்த்தாள். "சரி அன்ரி" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஈரக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் நின்றேன்.

அதற்குப் பிறகு கூட்டங்களில் நான் யாருக்கும் துண்டு எழுதவில்லை. எழுதாததை ஒரு தவம் மாதிரி எனக்குள்ளேயே பாராட்டிக்கொண்டேன் என்றும் சொல்லவேண்டும். பேச்சுகள் நீண்டன, சோறு ஆறியது, சனம் என்னைத் திட்டியது. மைதிலி இடைக்கிடை ஃபோன் எடுப்பாள். பேச்சைப் பற்றி அவள் ஒருமுறையும் கேட்கவில்லை. என் பொய்யை அவள் நம்பிவிட்டாள் என்று ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்து உடனே கூசிப்போகும்.

சென்ற ஞாயிறு கூட்டத்தில், தேநீருக்கு முன், இஞ்சினியர் அண்ணை எழும்பினார். திரும்பவும் கப்பல்தான் என்று நினைத்தேன்.

"செக்ரட்டரி, ஒண்டு கேக்கவேணும். போன வருசம் அக்கா ஒரு கதையை அரைவாசியில விட்டிட்டுப் போட்டா. எலும்பைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்த மனிசன், போய்ச் சேர்ந்தவனோ இல்லையோ? ஆரும் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். ஒருத்தரும் சொல்லுறீங்கள் இல்லை."

நீங்கள் பேசும்போது கண்ணை மூடித் தூங்கிவிட்டார் என்று நினைத்தேனே, அவர் ஒரு வருடமாக அந்தப் பனிக்குள் நின்றிருக்கிறார். கதையின் மிச்சத்தை நான் எப்போதோ தேடி வாசித்து வைத்திருந்தேன், திருடின சாமானை ஒளித்துவைக்கிற மாதிரி. எழும்பிச் சொன்னேன். அவர் போய்ச் சேருமுன் பட்டாளம் பிடித்தது, அண்ணை. ஒமஹாவில் வழக்கு நடந்தது. அவர் சட்டத்தின் கண்ணில் ஒரு மனிதரா இல்லையா என்பதுதான் வழக்கு. மனிதர்தான் என்று நீதிபதி சொன்னார். விட்டார்கள். பிறகு போய் மகனைத் தங்கள் ஆற்றங்கரையில் தாட்டார்.

"அப்ப சேர்ந்திட்டான்" என்று அண்ணை இருந்தார்.

நான் இருக்கவில்லை. அக்கா சொல்லவந்தது அதோடு முடியவில்லை என்றேன். சுதனின் பெயரைச் சொன்னேன். பொறுக்கி எடுக்க எலும்பும் இல்லை என்று நீங்கள் சொல்லவிருந்ததைச் சொன்னேன். அதைச் சொல்லவிடாமல் துண்டு எழுதினது நான் என்றும் சொன்னேன். துண்டை எல்லோரும்தானே படித்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் பொய்யில் எழுப்பி நிறுத்தின மண்டபம் உண்மையில் எழும்பவில்லை. அப்படியே இருந்தது. பின்னுக்கு இருந்த ஓர் அம்மா, காணாமல் போன தன் தம்பியின் பெயரை மட்டும் ஒருமுறை சொன்னார். பிறகு இன்னொருவர் தன் மகளின் பெயரைச் சொன்னார். சோற்றுப் பக்கம் யாரும் போகவில்லை.

மறுநாள் காலை மைதிலிக்கு ஃபோன் எடுத்தேன். அங்கே ஞாயிறு பின்னேரம். கொக்குகள் வந்துவிட்டன என்று அவள் தொடங்க, நான் இடைமறித்து எல்லாவற்றையும் கொட்டினேன். துண்டு, சிரிப்பு, குசினியில் சொன்ன பொய்.

"எனக்குத் தெரியும் அன்ரி."

"என்ன தெரியும்?"

"அண்டைக்கு இரவே அம்மா ஃபோன் எடுத்துத் துண்டை வாசிச்சுக் காட்டினவா. பிறகெண்டாலும் உங்களிட்டத் தனியச் சொல்லியிருப்பாவோ எண்டுதான் குசினியில கேட்டனான். நீங்கள் ஹோல் எழும்பினதெண்டு சொன்னவுடன விளங்கீட்டுது, உங்களுக்கு எவ்வளவு வெட்கமா இருக்கெண்டு. அதுதான் விட்டிட்டன்."

அம்மா கோபப்பட்டாவோ என்று கேட்டேன். நீங்கள் கோபப்பட்டிருந்தால், அந்தக் கோபத்துக்காவது நான் இனிப் பதில் சொல்லலாம் என்று ஓர் ஆசை.

"இல்லை அன்ரி. 'இவள் நல்ல பகிடிக்காரி' எண்டு சிரிச்சவா. பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. நான் ஹலோ, ஹலோ எண்டன். லைனில இருந்தவா, கதைக்கேல்லை. பிறகு, 'சரி பிள்ளை, பானை கழுவவேணும், வைக்கிறன்' எண்டு வைச்சிட்டா."

சோளம் ஆறிவிட்டது, அக்கா. பக்கத்து வீட்டுப் பிள்ளை தட்டுக்கு வருவாள், இரண்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன். உங்கள் சிரிப்பை மைதிலி வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றும் கதைக்காமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் என்னிடம் இருக்கிறது.